பிலவேந்திரன், பதினொன்றாம் வகுப்பு

ஏலாக்குறிச்சி பிலவேந்திரன் இந்த விஷயத்தில் இரண்டு தப்புகள் செய்தார். முதல் தப்பு, ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து, சோறு ஆக நேரமிருந்ததால், போனை எடுத்து, “வூட்டுல படிச்ச புள்ளைக்கு ஆன்லைன் ஸ்கூல்” என்று அதனிடம் வாய்விட்டுச் சொன்னது. போன் கேட்டுக்கொண்டது. கேட்டதைத் தன்னோடு வைத்துக்கொள்ளாமல் ஊர் உலகத்துக்கெல்லாம் சொல்லியும் விட்டது. அவர் சாப்பிட உட்காருவதற்குள் முதல் பள்ளிக்கூடம் கூப்பிட்டுவிட்டது.

அதற்குப் பிறகு கரும்புக்குத் தண்ணீர் கட்டுகிற நேரம், கறவை மாட்டுக்குத் தீனி வைக்கிற நேரம், திருமானூர் பஸ்ஸில் கம்பியைப் பிடித்துத் தொங்குகிற நேரம் என்று பார்க்காமல் பள்ளிக்கூடங்கள் கூப்பிட்டன. ஒரு பள்ளி, “உங்கள் குழந்தையின் பேரார்வம் எது சார்?” என்று தேனொழுகக் கேட்டது. பிலவேந்திரன் யோசித்து, “மீன் கொழம்புன்னா உசுர விடும்ங்க” என்றார். “அருமை, பதிவு செய்துகொண்டோம்” என்றது அந்தப் பள்ளி. இன்னொன்று குதிரையேற்றமும் ஆன்லைனிலேயே கற்றுத் தருவதாகச் சொன்னது. குதிரையைப் பெற்றோர் ஏற்பாடு செய்ய வேண்டுமாம். வேறொன்று அமெரிக்கப் பட்டயம் தருகிறோம், ஆனால் பிள்ளை நடுராத்திரியில் எழுந்து அமெரிக்காவோடு சேர்ந்து தேசிய கீதம் பாட வேண்டும் என்றது. பிலவேந்திரன் எல்லாருக்கும் “யோசிச்சு சொல்றங்க” என்று சொல்லிச் சொல்லி நாக்கு வறண்டு போனார்.

அவர் தேடியதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. மகள் ஷாலினி மேரி எட்டாம் வகுப்பில் இருந்தபோது சைக்கிளில் போனவளை ஒரு சுண்ணாம்புக்கல் லாரி உரசித் தள்ளிவிட்டு நிற்காமல் போய்விட்டது. இடுப்பெலும்பு விலகி, நெடுநாள் படுக்கை. எழுந்த பிறகும் நடை விந்தல்தான். பஸ் படி ஏற முடியாது, மாடிப்படி ஏறவே முடியாது. அம்மா சாந்தி மேரி கல்யாணத்துக்கு முன்னால் வரதராசன்பேட்டையில் குழந்தைகள் பள்ளியில் டீச்சராக இருந்தவள். அடுப்படியில் பலகையைப் போட்டு மகளை உட்கார வைத்து, குழம்பைக் கிண்டிக்கொண்டே கணக்கும் அறிவியலும் சொல்லிக்கொடுத்து, தனித்தேர்வராகப் பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுத வைத்துவிட்டாள். ஊரே வாயைப் பிளக்கிற மாதிரி மார்க் வந்தது.

“எனக்குத் தெரிஞ்சதெல்லாம் குடுத்துட்டேன். இதுக்கு மேல ஆளப் பாருங்க” என்று அன்றைக்கே புருஷனிடம் சொல்லிவிட்டாள் சாந்தி மேரி.

ஷாலினிக்கு உயிரியல் படிக்க வேண்டும். தன் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துப் பார்த்து, எலும்பு என்பதன் மேலேயே அவளுக்கு ஒரு பிரியம் வந்துவிட்டது. தன்னை மாதிரி விழுந்தவர்களை எழுந்து நடக்க வைக்கிற படிப்பு படிக்கணும் என்பாள். பக்கத்து ஊர் மேல்நிலைப் பள்ளியில் கேட்டபோது, உயிரியல் வகுப்பும் ஆய்வுக்கூடமும் இரண்டாவது மாடியில் இருப்பதாகவும், வணிகவியல் தரைத்தளத்திலேயே இருப்பதால் பிள்ளை அதைப் படிக்கலாமே என்றும் அன்பாகச் சொன்னார்கள்.

கடைசியில் அவர்கள் தேர்ந்தெடுத்தது ‘ஞானவானம் இன்டர்நேஷனல் இணைய மேல்நிலைப் பள்ளி’. அதற்கு ஒரே காரணம், அதன் ஆபீஸ் பெரம்பலூரில் இருந்தது. “நாளைக்கு ஒண்ணுன்னா நேர்ல போயி சட்டையப் புடிக்கலாம்” என்றாள் சாந்தி மேரி. நியாயமான பேச்சுதான்.

மூன்று பேரும் பெரம்பலூர் போய்ப் பள்ளிக்கூடத்தைக் கண்டுபிடித்தார்கள். அது ஓர் உரக்கடைக்கு மேலே மூன்றாவது மாடியில் இருந்தது. லிப்ட் கிடையாது. ஷாலினி கீழே ஆட்டோவிலேயே அம்மாவோடு இருந்துகொண்டாள். பிலவேந்திரன் மட்டும் மேலே ஏறினார்.

மேலே சிங்காரவேலு என்கிற இளைஞர் வரவேற்றார். கழுத்துப் பட்டையில் ‘கனவு ஆலோசகர்’ என்று எழுதியிருந்தது. முதலில் வளாகத்தைச் சுற்றிப் பாருங்கள் என்றார். ஒரு சோபா, ஒரு பீரோ, பச்சைத் துணி கட்டிய ஒரு சுவர், இவ்வளவுதான் அங்கே இருந்தது. பிலவேந்திரன் அதைக் கழுத்தைத் திருப்பியே சுற்றிப் பார்த்து முடித்துவிட்டார். சிங்காரவேலு சிரித்துக்கொண்டே ஒரு கறுப்புக் கண்ணாடியை அவர் தலையில் மாட்டிவிட்டார். உடனே புல்வெளி வந்தது, மணிக்கூண்டு வந்தது, திடீரென்று காலடியில் பெரிய நீச்சல் குளம் வந்தது. பிலவேந்திரன் வேட்டியை லேசாகத் தூக்கிக்கொண்டு பின்னால் நகர்ந்து சோபாவில் விழுந்தார்.

“பயப்படாதீங்க சார். இதுவரைக்கும் எங்க குளத்துல ஒரு பிள்ளை கூட மூழ்கினதில்ல” என்றார் சிங்காரவேலு.

அப்புறம் தாளாளர் டாக்டர் நடராசன் பச்சைச் சுவருக்கு முன்னால் வந்து நின்று பேசினார். எதிரே இருந்தது பிலவேந்திரன் ஒருவர்தான். ஆனால் அவர் பேசியது மாநாட்டுக்குப் பேசுகிற பேச்சு.

“நாங்க கட்டடம் கட்டல சார். ஏன் கட்டல? கட்டடம் பிள்ளைகளை அடைச்சு வைக்குது. பெஞ்சு இல்ல, கரும்பலகை இல்ல, கக்கூஸ் இல்ல. அதனால கக்கூஸ் சரியில்லன்னு ஒரு புகார் கூட வந்ததில்ல. வாத்தியார்களையும் முடிஞ்ச அளவு கொறைச்சுட்டோம். ஒரு வாத்தியார் ஒரு தடவ பாடம் நடத்திட்டா பத்து வருஷத்துக்கு ஓட்டலாம். எங்க இயற்பியல் வாத்தியார் இப்ப எங்க இருக்கார்னு எங்களுக்கே தெரியாது. பாடம் ஓடிக்கிட்டிருக்கு. இதையெல்லாம் எடுத்ததுக்கு அப்புறம் மிச்சம் என்ன இருக்கு? சுத்தமான கல்வி!”

சிங்காரவேலு கை தட்டினார். சும்மா உட்கார்ந்திருந்தால் மரியாதை இல்லை என்று பிலவேந்திரனும் தட்டினார்.

பிள்ளையை நேர்காணல் செய்ய வேண்டுமே என்றார் தாளாளர். பிள்ளையால் மாடி ஏற முடியாது என்று தெரிந்ததும், போனிலேயே பேசினார். ஏன் ஆன்லைன் கல்வியைத் தேர்ந்தெடுத்தாய் என்று கேட்டார்.

“மாடிப்படி ஏற முடியாதுங்க சார்” என்றாள் ஷாலினி, கீழே ஆட்டோவிலிருந்து.

“அருமை! எங்க பள்ளியில படிக்கட்டே கிடையாது” என்றார் மூன்றாவது மாடியில் இருந்த தாளாளர்.

கிளம்பும்போது சிங்காரவேலு ஷாலினியின் அசல் மார்க் ஷீட்டையும் மாற்றுச் சான்றிதழையும் கேட்டு வாங்கிக்கொண்டார். ஆன்லைன்தானே, போட்டோ பிடித்து அனுப்பினால் போதாதா என்று பிலவேந்திரன் இழுத்தார்.

“கல்விதான் சார் ஆன்லைன். சான்றிதழ் எப்பவும் கையிலதான் இருக்கணும். எங்க கையில” என்று சொல்லி அவற்றைப் பீரோவில் வைத்துப் பூட்டினார். அந்த வளாகத்தில் கண்ணாடி மாட்டாமலே தெரிந்த பொருட்களில் அந்தப் பூட்டும் ஒன்று.

இரண்டாவது தப்பு வீட்டில் நடந்தது. பள்ளியின் செயலியைப் போனில் இறக்கி, மாணவரின் முகத்தைப் பதிவு செய்யச் சொன்னார்கள். பிலவேந்திரன் இந்த மாதிரி வேலைகளில் பழுத்தவர். ரேஷனுக்குக் கைரேகை வைத்தவர், கேஸுக்கு முகம் காட்டியவர், பயிர்க் காப்பீட்டுக்கும் விவசாயி அட்டைக்கும் கண் சிமிட்டியவர். எல்லா இடத்திலும் கேட்டது குடும்பத் தலைவரைத்தான். அரசாங்கத்துக்கு வீட்டில் முகம் இருக்கிற ஆள் அவர் ஒருவர்தான் என்பது அவருடைய அனுபவம்.

“அப்பா, நான் காட்டணுமா?” என்று ஷாலினி கேட்கத்தான் செய்தாள்.

“நீ ஏம்மா? வூட்டுத் தலைவரு நான் குத்துக்கல்லு மாதிரி இருக்கறப்ப” என்று சொல்லி, மாட்டுக்கொட்டகைப் பக்கம் டவர் கிடைக்கிற இடத்தில் நின்று, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு காட்டினார். செயலி கண்ணைச் சிமிட்டச் சொன்னது, சிமிட்டினார். இடப்பக்கம் திரும்பச் சொன்னது, திரும்பினார். சிரிக்கச் சொன்னது. சிரித்தார். சிரிப்பு போதவில்லை என்றது. பல்லெல்லாம் தெரியச் சிரித்தார். பெயர் என்ற இடத்தில் ஷாலினி மேரி என்று அடித்திருந்ததைச் செயலி ஆதாரோடு ஒப்பிட்டுப் பார்த்து, தப்பு என்று கண்டுபிடித்து, தானே திருத்திக்கொண்டது. ‘வாழ்த்துகள் பிலவேந்திரன்! நீங்கள் பதினொன்றாம் வகுப்பு உயிரியல் பிரிவில் சேர்ந்துவிட்டீர்கள்’ என்று பூப்பூவாகக் கொட்டியது. ஷாலினி மேரி என்ற பெயரை அது வீணாக்கவும் இல்லை. காலியாக இருந்த பெற்றோர் என்ற இடத்தில் கொண்டு போய் வைத்துவிட்டது.

பிலவேந்திரன் பதறிப்போய் சிங்காரவேலுவைக் கூப்பிட்டார்.

“முகத்த மாத்த முடியாது சார். மாத்தினா அது ஆள் மாறாட்டம். அதைத் தடுக்கத்தானே முகமே வாங்குறோம்” என்றார் சிங்காரவேலு.

“அப்ப என்னய நீக்கிட்டு எம் பொண்ண சேத்துக்கங்க.”

“தாராளமா. மாணவர் விலகணும்னா அவரோட அப்பா அம்மா நேர்ல வந்து கையெழுத்துப் போடணும்.”

“எங்கப்பா அம்மா ரெண்டு பேரும் கல்லறைத் தோட்டத்துல இருக்காங்க சார்.”

“வர வசதிப்படாதுன்னா, பன்னெண்டாவது பாஸ் பண்ணிட்டு விலகலாம் சார். அதுவரைக்கும் வருகை கொறையாமப் பாத்துக்கங்க. வருகை கொறைஞ்சா சீட்டும் போயிடும், பீரோவுல இருக்கற சான்றிதழும் முடங்கிடும்.”

சட்டையைப் பிடிக்கலாம் என்று சாந்தி மேரி பெரம்பலூருக்கு நேரிலேயே போனாள். கையெழுத்து அதிகாரம் யாருக்கு என்று கேட்டாள். பள்ளியின் தலைமையகம் கிளவுட் என்கிற மேகத்தில் இருப்பதாகச் சொன்னார்கள். மேகத்துக்குச் சட்டை கிடையாது என்பதால் திரும்பி வந்துவிட்டாள். மற்ற பள்ளிகளில் சேர்க்கலாம் என்றால் எல்லா இடத்திலும் அசல் மார்க் ஷீட்டைக் கேட்டார்கள். ஷாலினி அடுப்படிப் பலகையில் உட்கார்ந்து பழைய பத்தாம் வகுப்புப் புத்தகத்தையே திரும்பப் புரட்டிக்கொண்டிருந்தாள்.

ஆகவே ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டிருந்த பிலவேந்திரன், நாற்பத்தைந்தாம் வயதில் பதினொன்றாம் வகுப்புக்குப் போனார். கூரியரில் சீருடை வந்தது. வெள்ளைச் சட்டையும் நீல டையும். கேமராவில் தெரியாத பாகத்துக்குச் சீருடை இல்லை. காலையில் மாட்டைக் கறந்துவிட்டு, லுங்கிக்கு மேலே டை கட்டிக்கொண்டு கொட்டகை ஓரத்தில் உட்காருவார். இறைவணக்கத்துக்கு எல்லாரும் எழுந்து நிற்க வேண்டும். நின்றால் கேமராவில் யார் முகமும் தெரியாது. திரை முழுக்க வரிசை வரிசையாகச் சட்டைப் பித்தான்கள் மட்டும் பக்தியோடு நிற்கும்.

ஷாலினி கேமராவில் படாமல் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து பாடம் கேட்பாள். அவளுடைய தலைமுடி ஓரம் தெரிந்தால்கூடச் செயலி ‘அந்நியர் நுழைவு’ என்று கூவி வகுப்பை நிறுத்திவிடும். கேள்வி வந்தால் அவள் மெல்லச் சொல்வாள், பிலவேந்திரன் உரக்கச் சொல்வார். உயிரியல் டீச்சர் வெற்றிச்செல்வி ஒரே நேரத்தில் நாலு வகுப்புக்குப் பாடம் நடத்துகிறவர். அவருக்கு மாணவர்களின் முகத்தைப் பார்க்கப் பொழுது கிடையாது. “பிலவேந்திரன் குட், உட்காரு” என்பார். அவர் உட்கார்ந்துதான் இருப்பார்.

ஷாலினிக்கு அது போதுமாக இருந்தது. தரையில் உட்கார்ந்து, மடியில் நோட்டை வைத்து, கண் விரிய எழுதுவாள். அந்த முகத்தைப் பார்த்துப் பிலவேந்திரன், டை கழுத்தை இறுக்கினாலும் பொறுத்துக்கொண்டார்.

அந்த நிம்மதிக்கும் ஒழுங்கு நடவடிக்கைப் பிரிவு உலை வைத்தது. மாணவர்கள் மீசை வைத்துக்கொள்ளக் கூடாது, பிலவேந்திரன் என்ற மாணவர் உடனே மழித்துவிட்டு வர வேண்டும் என்று நோட்டீஸ் வந்தது. கல்யாணத்துக்கு முன்பிருந்து வளர்த்த மீசை. மகள் படிப்புக்காக மழித்தார். மறுநாள் காலையில் செயலி அவரை உற்றுப் பார்த்து, ‘இது பிலவேந்திரன் அல்ல’ என்று சொல்லிவிட்டது.

“மீசையோட பதிஞ்ச முகம் சார் அது. மீசை வளர்ற வரைக்கும் வருகை விழாது” என்றார் சிங்காரவேலு. பிறகு குரலைத் தாழ்த்தி, “கண்மை இருந்தா வரைஞ்சுக்கிட்டு வாங்க. நான் சொன்னேன்னு சொல்லாதீங்க” என்றார்.

சாந்தி மேரி கண்மையை எடுத்துப் புருஷனுக்கு மீசை வரைந்தாள். செயலி பச்சை விளக்குக் காட்டி உள்ளே விட்டது. உள்ளே போனதும் மீசையோடு வந்ததற்காக ஒழுங்கு நடவடிக்கைப் பிரிவு அவரை அரைமணி நேரம் திரையில் முழங்கால் போட வைத்தது.

அரையாண்டுப் பரீட்சை வந்தது. பரீட்சைக்கு நாலு பக்கமும் கேமரா சுற்றிக் காட்ட வேண்டும் என்றார்கள். ஷாலினி வீட்டுக்குள்ளே இருக்க வேண்டியதாயிற்று. பிலவேந்திரன் தனியாக உட்கார்ந்து வினாத்தாளைப் பார்த்தார். வினாத்தாளும் அவரைப் பார்த்தது. எல்லாப் பாடத்திலும் தன் பெயரை மட்டும் முத்து முத்தாக எழுதிவிட்டு எழுந்தார்.

அதற்கடுத்த வாரம் பெற்றோர் சந்திப்பு வைத்தார்கள். ‘மாணவர் பிலவேந்திரனின் பெற்றோர் ஷாலினி மேரி கட்டாயம் கலந்துகொள்ளவும்’ என்று செய்தி வந்தது.

ஷாலினி தலை சீவிப் பின்னலிட்டு, கிறிஸ்துமஸுக்கு எடுத்த சுடிதாரைப் போட்டுக்கொண்டு கேமராவுக்கு முன்னால் வந்து உட்கார்ந்தாள். அத்தனை மாதமாக அவள் முடியைக் கண்டாலே கூவிய செயலி, ‘வருக பெற்றோரே’ என்று பச்சையாகச் சிரித்தது. பிலவேந்திரன் டை கட்டிக்கொண்டு அவள் பக்கத்தில் கைகட்டி நின்றார். மாணவர்களுக்குப் பேச அனுமதி இல்லை என்று சொல்லி அவர் குரலை அடைத்து வைத்திருந்தார்கள்.

“என்னம்மா இது?” என்று தொடங்கினார் தாளாளர் நடராசன். “வகுப்புல கேட்டா டாண் டாண்னு பதில் சொல்றான். பரீட்சையில வெத்துப் பேப்பர். வீட்டுல கவனிப்பே இல்லையா?”

“சார், இவங்க எங்க அப்பா.”

“பெத்த பிள்ளைய அப்பான்னு கூப்பிடுற பாசம் இருக்கு பாருங்க, அது நம்ம மண்ணோட பண்பாடு. ஆனா பாசம் மட்டும் பத்தாதும்மா. கண்டிப்பும் வேணும்.”

“இல்ல சார். படிக்க வேண்டியது நானு.”

“கரெக்ட். ஒவ்வொரு தாயும் இப்படித்தான் நெனைக்கணும். பிள்ளை படிக்கிறதுதான் நாம படிக்கிறது.” திரையில் மற்ற பெற்றோர் கை தட்டினார்கள். “நீங்க எதுவரைக்கும் படிச்சிருக்கீங்கம்மா?”

“பத்தாவதுங்க சார். வூட்டுலயே.”

“ஏன் மேல படிக்கல?”

“எடம் கெடைக்கலங்க சார்” என்றாள்.

“பாத்தீங்களா! அந்த வலி என்னன்னு உங்களுக்குத் தெரியும். உங்கள மாதிரி வாய்ப்புக் கெடைக்காதவங்களுக்காகத்தாம்மா ஞானவானத்தையே நான் ஆரம்பிச்சேன்” என்றார் தாளாளர். மனுஷன் நிஜமாகவே கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“சார், அந்த மார்க் ஷீட்ட மட்டும் குடுத்துட்டீங்கன்னா...”

“உங்க பையன் பன்னெண்டாவது பாஸ் பண்ற அன்னைக்கே என் கையால தருவேன். அதுவரைக்கும் அவனப் படிக்க வைக்கிறது உங்க பொறுப்பு. அடுத்த பெற்றோர் வரலாம்.”

திரை அணைந்தது. பிலவேந்திரனுக்கு அழுகை வந்துவிட்டது. டையின் நுனியாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டு, “என்னாலதான பாப்பா எல்லாம் போச்சு” என்றார். உள்ளேயிருந்து சாந்தி மேரி வந்தாள். கதவைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றாள்.

ஷாலினி அழவில்லை. மெதுவாக எழுந்து விந்தி விந்திப் போய் உயிரியல் புத்தகத்தை எடுத்து வந்தாள். கேமராவுக்கு எதிரே இருந்த நாற்காலியில் அப்பாவை உட்கார வைத்து, புத்தகத்தைப் பிரித்து அவர் மடியில் வைத்தாள்.

“அழுவாதீங்கப்பா. நீங்க பாஸ் பண்ணாத்தான் என்னய விடுவாங்க. படிங்க.”

பிலவேந்திரன் முதல் வரிக்கு அடியில் விரலை வைத்து, எழுத்துக் கூட்டி, வாய்விட்டுப் படிக்க ஆரம்பித்தார். மூன்றாவது சொல்லிலேயே ஷாலினி அவர் விரலைப் பிடித்து நிறுத்தினாள்.

“தப்பு. மொதல்லேருந்து படிங்க.”